உள்ளே ஆள் இருக்கிற வீடு

என் வீட்டுக்காரரைத் தெருவில் ‘பூட்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். செய்கிற தொழில் அது. சாவி தொலைந்த கார், திறக்க மறுக்கிற பீரோ, குழந்தை உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்ட குளியலறை என்று எதற்கும் அவருக்குத்தான் போன் வரும். ஆனால் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது வேறு ஒரு வேலையில். கடன் கட்ட முடியாதவர்களின் வீட்டை வங்கி எடுத்துக்கொள்கிற அன்று, பழைய பூட்டைக் கழற்றிவிட்டுப் புதுப் பூட்டுப் போடுகிற வேலை. வேனில் முன்னால் வங்கி ஆள், நடுவில் நீதிமன்றத்து ஆள், பின்சீட்டில் கருவிப் பையோடு இவர். ஏழு வருடம் அப்படிப் போனார்.

போய்விட்டு வந்த அன்று அவருக்குச் சாப்பாடு இறங்காது. “பாவமா இல்லையா உங்களுக்கு?” என்று ஒரு தடவை கேட்டேன். “நான் யார் முகத்தையும் பாக்கறதில்ல. கதவை மட்டும்தான் பாப்பேன்” என்றார். அந்த மனுஷனின் நல்ல குணங்களில் ஒன்றாக அதையும் சேர்த்து வைத்திருந்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

பிறகு ஒரு கம்பெனி வந்தது. இவர் வாங்குகிற கூலியில் பாதிக்குச் செய்கிறோம் என்று சொல்லி அந்த வேலையை அப்படியே அள்ளிக்கொண்டு போனது. எனக்கு ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. படுக்கை விரிப்புகளை ஆளுயர இஸ்திரி மெஷினுக்குள் விட்டு, அந்தப் பக்கம் வந்து மடித்து அடுக்க வேண்டும். என் சம்பளம் சாப்பாட்டுக்கும் மகளின் படிப்புக்கும் சரியாக இருந்தது. வீட்டுத் தவணைக்கு மிஞ்சவில்லை. பதினோரு வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கட்டிய தவணை, அடுத்தடுத்து ஐந்து மாதம் நின்றுபோனது.

அப்போதுதான் வங்கியிலிருந்து முதல் கடிதம் வந்தது. நான்தான் உடைத்துப் படித்தேன். மிரட்டல் எதுவும் இல்லை. சொல்லப்போனால் மரியாதையாகவே எழுதியிருந்தார்கள். எங்களுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன என்றது. கடன் வருடத்தை நீட்டிக்கொண்டு மாதத் தவணையைக் குறைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் ஒரு வருடத்துக்கு வட்டியை மட்டும் கட்டிவரலாம். இரண்டும் முடியாதென்றால் வீட்டை நாங்களே நல்ல விலைக்கு விற்று, கடனை அடைத்துவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்ளலாம். கடன் இரண்டு பேர் பேரில் இருப்பதால், எந்த வழியாக இருந்தாலும் இரண்டு பேரும் சேர்ந்து வந்து கையெழுத்துப் போட வேண்டும். நான்கு மாதம் தள்ளி ஒரு தேதி போட்டிருந்தார்கள். அந்தத் தேதி தாண்டினால் ஏலம்.

எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. வருடத்தை நீட்டினால் சமாளித்துவிடலாம் என்று மனசுக்குள் கணக்கே போட்டுவிட்டேன். “நாளைக்கே போயிட்டு வந்துடலாங்க” என்றேன்.

இவர் கடிதத்தைக் கையில் வாங்கி, கம்பவுண்டர் ஒருவர் டாக்டர் சீட்டைப் பார்ப்பதுபோல் மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“உனக்கு ஒண்ணும் தெரியாது. இதெல்லாம் ஆளை வெளிய இழுக்கற வேலை. நான் பாக்காததா? நூறு வீட்டுக்கு மேல போயிருக்கேன்.”

“வெளிய இழுத்து?”

“ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல ஏன் வரச் சொல்றான்? யோசிச்சுப் பாரு. நாம அங்க உக்காந்திருப்போம், இங்க வேன் வந்து நிக்கும்.”

அவருக்கு அந்தத் தொழிலில் முதல் நாள் சொல்லிக்கொடுத்த விதி ஒன்று உண்டு. உள்ளே ஆள் இருந்தால் பூட்டில் கை வைக்கக் கூடாது. கதவைத் தட்டி, உள்ளே ஒருவரும் இல்லை என்று நீதிமன்றத்து ஆள் எழுதிக்கொண்ட பிறகுதான் இவர் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கலாம். அது அவருக்கு வேதவாக்கு. அதற்கு அத்தாட்சியாக ஒரு கதையும் வைத்திருந்தார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவரின் வீட்டுக்கு வேன் போனதாம். மனுஷன் உள்ளேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றாராம். வங்கி ஆள் ஓரமாய்ப் போய்ப் போன் பேசிவிட்டு வந்து, “விடுங்க, போகலாம்” என்று வேனைத் திருப்பிவிட்டாராம்.

“மூணு வருஷமாச்சு. இன்னைக்கும் அந்த ஆளு அதே வீட்லதான் இருக்காரு. போன வாரம்கூட வாசல்ல பல்லு வெளக்கிட்டு நின்னாரு, நானே பாத்தேன்” என்றார்.

நானும் நம்பினேன். இதை ஒளித்து என்ன ஆகப்போகிறது? நூறு வீட்டைப் பூட்டியவர் சொல்கிறார், ஒரு வீட்டையும் பூட்டாத நான் என்ன எதிர்த்துப் பேசுவது? அதோடு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மற்றவர்கள் எல்லாம் விஷயம் தெரியாமல் வீட்டைக் கோட்டை விட்டவர்கள், எங்களுக்கு உள்விவகாரம் தெரியும் என்கிற மிதப்பு.

அன்றிலிருந்து எங்கள் வீடு ஒரு நிமிஷம்கூடக் காலியாக இருந்ததில்லை. காலையில் நான் சலவைக்குப் போனால் இவர் வீட்டில். மதியம் நான் வந்த பிறகு இவர் கருவிப் பையோடு வெளியே. ஆஸ்பத்திரியில் நர்சுகள் ஷிப்ட் மாறும்போது நோயாளியைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போவார்களே, அப்படி வாசலில் நின்று சொல்லிக்கொள்வோம். கேஸ்காரன் வரவில்லை, தண்ணீர் நிரப்பிவிட்டேன், தெருமுனையில் ஒரு வெள்ளை வேன் நின்றது, ஆனால் அது தண்ணீர் கேன் வேன்தான். இப்படியே பேச்சு முடிந்துவிடும்.

இதற்காக நான் முழுநாள் வேலையை அரைநாளாக மாற்றிக்கொண்டேன். மேற்பார்வை அம்மா, “புருஷனுக்கு உடம்பு சரியில்லையா?” என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன். சம்பளமும் அரையாகிவிட்டது. இவருக்கு அவசர வேலையெல்லாம் காலையில்தான் வரும். அந்த நேரத்தில் இவர் வீட்டைக் காத்துக்கொண்டிருப்பதால் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஆக, வீட்டைக் காப்பாற்றுகிறோம் என்று தவணைக்கு வரவேண்டிய பணத்தையும் நாங்களே தடுத்துக்கொண்டோம். இப்போது சொன்னால் சிரிப்பு வருகிறது. அப்போது எங்களுக்கு அது புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

இவருடைய சித்தப்பா இறந்தபோது இவர் மட்டும் போனார். மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோரை வரச் சொன்னபோது நான் மட்டும் போனேன். எனக்குக் கடைவாய்ப்பல் வலி வந்து மூன்று நாள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன், பல் டாக்டர் மதியத்துக்கு மேல்தான் திறப்பார், இவர் திரும்பிவரும் நேரத்தில் சாத்தியிருப்பார். மகள் ஒரு தரம், “நான் வேணா லீவு போட்டு வீட்ல இருக்கேன், நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்களேன்” என்றாள். பதினைந்து வயசுப் பெண். “சின்னப் புள்ள கணக்குல வராதும்மா” என்று சொல்லிவிட்டார். எதிர்வீட்டு அக்காவை உட்கார வைக்கலாம் என்றேன். அதற்கு அவளிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டும், அவளிடம் சொன்னால் தெரு முழுக்கத் தெரியும். அதை இவர் மட்டும் வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும்தான் சொன்னேன்.

ஆனால் வங்கிக்குப் போகாமலும் இருக்கவில்லை. அதுதான் கொடுமை. இரண்டாவது மாதம், என் நச்சரிப்புத் தாங்காமல் இவர் தனியாகப் போனார். கண்ணாடி போட்ட ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாராம். எல்லாக் காகிதத்தையும் பார்த்துவிட்டு, வருடத்தை நீட்டித் தரலாம், தடையில்லை, உங்கள் மனைவியோடு வாருங்கள் என்றாராம். “பேப்பரைக் குடுங்க, வீட்டுக்கு எடுத்துப் போயி அவகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வரேன்” என்று இவர் கேட்டிருக்கிறார். அப்படி எடுத்துப்போய் மனைவி கையெழுத்தைப் புருஷனே போட்டுக்கொண்டு வந்த கேஸ் எல்லாம் உண்டு, அதனால் இரண்டு பேரும் என் கண் முன்னால்தான் போட வேண்டும் என்று அந்த அம்மா சொல்லிவிட்டார்.

“பாத்தியா, ரெண்டு பேரையும் வெளிய இழுக்கறதுலயே குறியா இருக்காங்க” என்றார் இவர் வீட்டுக்கு வந்து.

மூன்றாவது மாதம் நான் போனேன். பெண்ணுக்குப் பெண் மனசு இளகும் என்று ஒரு நப்பாசை. அந்த அம்மா எனக்குத் தண்ணீர் கொடுத்தார். இவரிடம் சொன்னதையே பொறுமையாக என்னிடமும் சொன்னார்.

“உங்க வீட்டுக்காரர் போன மாசம் தனியா வந்தாரு. இப்ப நீங்க தனியா வந்திருக்கீங்க. உங்களுக்குள்ள ஏதாவது பிரச்சனையாம்மா?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க.”

“அப்பறம் என்ன? ரெண்டு பேரும் ஒருநாள் வாங்க. பத்து நிமிஷ வேலை. அடுத்த மாசம் இருபத்தெட்டாம் தேதிக்குள்ள வந்துடுங்க, அதுக்கு மேல என் கையில இல்ல.”

வீட்டைக் காலியாக விட்டால் நீங்கள் பூட்டிவிடுவீர்களா என்று அந்த இடத்தில் நேருக்கு நேராகக் கேட்டிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. திருடனிடமே போய் நீ திருடுவாயா என்று கேட்பதா என்று விழுங்கிவிட்டேன். தண்ணீர் கொடுத்த மனுஷியைத் திருடி என்று நினைத்தேன், அதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

இருபத்தெட்டாம் தேதிக்கு முந்தின நாள் எங்களுக்குள் பெரிய சண்டை.

“என்ன ஆனாலும் ஆகட்டும், நாளைக்கு ரெண்டு பேரும் போறோம்” என்று ஒற்றைக்காலில் நின்றேன். “அப்படியே பூட்டிட்டுப் போனாத்தான் என்ன? ஊர்ல இருக்கற பூட்டையெல்லாம் தொறக்கற ஆளு, சொந்த வீட்டைத் தொறக்க மாட்டீங்களா?”

“அது பூட்டு இல்லடி, சீல். அதைத் தொட்டா ஜெயில்.” அவர் குரல் கம்மிவிட்டது. “நான் போட்ட பூட்டுல எதுவும் திரும்பத் தொறந்ததில்ல. நீ பாத்ததில்ல. நான் பாத்திருக்கேன்.”

அந்த மனுஷன் பயந்து போயிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாலு மாதமாக விஷயம் தெரிந்தவர்போல் பேசியதெல்லாம் பயம். அதைப் பார்த்ததும் என் கோபம் சப்பென்று இறங்கிவிட்டது. இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்தேன். இரக்கப்படாமல் இன்னும் ஒரு மணி நேரம் சண்டை போட்டிருக்க வேண்டும். கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும்.

இருபத்தெட்டாம் தேதி போயிற்று. வேனும் வரவில்லை, ஆளும் வரவில்லை. “சொன்னேன்ல?” என்றார் இவர். இரண்டு நாள் கொஞ்சம் உற்சாகமாகக்கூட இருந்தார்.

அடுத்த வாரம் நான் மதியம் வேலையிலிருந்து வந்தபோது எங்கள் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ஏல அறிவிப்பு. வீட்டு எண், எங்கள் இரண்டு பேரின் பெயர், ஏலத் தேதி எல்லாம் கொட்டை எழுத்தில். பசை இன்னும் காயவில்லை. இவர் உள்ளே கதவை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“ஒரு பையன் வந்தான். ஜன்னல் வழியா என்னைப் பாத்தான். வணக்கம்னான். ஒட்டிட்டுப் போயிட்டான்” என்றார்.

“நீங்க உள்ளதானே இருந்தீங்க?”

“உள்ளதான் இருந்தேன்.”

மகள் வருவதற்குள் காகிதத்தைத் தண்ணீர் தொட்டு உரித்து எடுத்தோம். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் மகள் பள்ளிக்கூடம் போனதும் இரண்டு பேரும் கிளம்பினோம். கதவைச் சாத்திப் பூட்டிவிட்டு இவர் மூன்று தடவை இழுத்துப் பார்த்தார். பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தபோது என்னவோ புதிதாகக் கல்யாணம் ஆனவள்போல் கூச்சமாக இருந்தது. நாலு மாதத்துக்கு மேலாகிவிட்டது நாங்கள் சேர்ந்து வாசலைத் தாண்டி.

வங்கியில் மூன்று மணி வரைக்கும் உட்கார வைத்துவிட்டார்கள். கடைசியில் அந்தக் கண்ணாடி அம்மா எங்களைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தார்.

“இப்ப ரெண்டு பேரும் வந்திருக்கீங்களே” என்றார். குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே அவருக்கு வருத்தமாக இருந்தது. “ஃபைல் ஏலப் பிரிவுக்குப் போயிடுச்சும்மா. அந்த மூணு வழியும் இப்ப இல்ல.”

இவர் எதையும் காதில் போட்டுக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. நேராக வேறொன்றைக் கேட்டார்.

“ஒரு டிரைவர் வீட்டுக்குப் போனோம் மேடம், மூணு வருஷத்துக்கு முன்னால. நான்தான் பூட்டுக்காரன். அவரு உள்ள உக்காந்திருந்தாரு, திரும்பி வந்துட்டோம். அவருக்கு மட்டும் எப்படி?”

அந்த அம்மா கொஞ்சம் யோசித்தார். “அடுத்தவங்க கணக்கை நான் சொல்லக் கூடாது. ஆனா நீங்களே வந்திருந்தீங்கன்றதால சொல்றேன். அவரு வீடு ஏலத்துல போகல, அப்பல்லாம் அப்படி இருந்தா கடைசி நாள்லகூட நீட்டித் தருவாங்க. கடன்ல அவரு பொண்ணும் சேர்ந்திருந்தது. ரெண்டு பேரும் அன்னைக்குக் காலையில இங்க வந்து, இதே நாற்காலியில உக்காந்து, வருஷத்தை நீட்டிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாங்க. வேனுக்குச் சொல்றதுக்குள்ள நீங்க கெளம்பிட்டீங்க. போன்ல சொன்னதும் திரும்பிட்டீங்க.”

“அப்ப உள்ள ஆள் இருந்ததால இல்லையா?”

“உள்ள ஆள் இருந்தா வேறொரு நாள் போலீசோட வருவாங்க. அவ்வளவுதான். அதுவும் ஏலம், தீர்ப்பு எல்லாம் முடிஞ்ச அப்பறம். பூட்டு மாத்தறது கடைசியில வர்ற வேலை. இந்த நாலு மாசத்துல உங்க வீட்டுப் பக்கம் யாரும் வந்திருக்கவே மாட்டாங்க.”

இவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு ஆத்திரத்தில் அவர் முதுகில் நாலு சாத்து சாத்த வேண்டும்போல் இருந்தது. அழவும் வேண்டும்போல் இருந்தது. இரண்டையும் செய்யாமல் இப்போது என்ன மிச்சம் இருக்கிறது என்று அந்த அம்மாவிடம் கேட்டேன்.

இரண்டுதான் மிச்சம். ஏலத் தேதிக்குள் முழுக் கடனையும் ஒரே தடவையில் கட்டுவது. அது நடக்கிற காரியமில்லை என்று மூன்று பேருக்கும் தெரியும். இல்லாவிட்டால் வீட்டை நாங்களாகவே ஒப்படைத்துவிடுவது. ஏலத்தில் போனால், விலை குறைந்துபோய் மிஞ்சுகிற கடனும் ஆயுசுக்கும் எங்கள் பின்னாலேயே வரும். நாங்களாக ஒப்படைத்தால் மிச்சத்தை விட்டுவிடுவார்கள். காலி செய்ய அறுபது நாள் தருவார்கள்.

“இன்னைக்கே முடிவு பண்ணணும்னு இல்ல. யோசிச்சுட்டு வாங்க” என்றார் அந்த அம்மா.

நான் இவரைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்த்து, “நீ சொல்லு” என்றார். கல்யாணமான இத்தனை வருடத்தில் வீட்டு விஷயத்தில் அவர் என்னை அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. யோசிக்கப் போனால் திரும்பவும் ஆளுக்கொரு பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவோம் என்று எனக்குத் தெரியும்.

“குடுங்க, கையெழுத்துப் போடறோம்” என்றேன்.

ஆறு இடத்தில் இவர் போட்டார், அவர் பெயருக்குக் கீழே ஆறு இடத்தில் நான் போட்டேன். அந்த அம்மா சொன்னதுபோல் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தே வந்தோம். வழியில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு டீ குடித்தோம். “அவசரமா போகணுமா?” என்று பழக்கதோஷத்தில் கேட்டார். “எதுக்கு?” என்றேன். என்னைத் திட்டிவிடு என்று அவர் முகம் கெஞ்சியது. எப்படித் திட்டுவது, எனக்கும் அதில் சரிபாதி பங்கு இருந்தது. இன்னொரு டீ வாங்கிக்கொண்டோம். வீட்டில் காத்திருக்க யாரும் இல்லை என்று நினைத்தோமே தவிர, நாலரை மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு ஒருத்தி வருவாள் என்பது இரண்டு பேருக்கும் மறந்துவிட்டது.

தெருவுக்குள் நுழைந்தபோது மணி ஆறு. மகள் எங்கள் வாசலில் இல்லை. எதிர்ச்சாரியில், மின்கம்பத்தை ஒட்டி, பையைக் கூட முதுகிலிருந்து இறக்காமல் நின்றுகொண்டிருந்தாள். எப்போதும் ஒருவர் கதவைத் திறக்க இருந்ததால் அவள் சாவி எடுத்துப்போவதையே விட்டிருந்தாள். முகம் வெளுத்துப்போய் இருந்தது. எங்களைப் பார்த்ததும் ஓடிவந்து இவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“பூட்டியிருந்துச்சுப்பா. தட்டித் தட்டிப் பாத்தேன். உள்ள யாருமே இல்ல. எடுத்துட்டாங்கன்னு நெனச்சேன்.”

“இல்லடா கண்ணு” என்றார் இவர்.

“எடுக்கலையா?”

“யாரும் எடுக்கல.”

அவள் மூச்சை விட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்ப எங்க போயிருந்தீங்க ரெண்டு பேரும்?” என்றாள்.

நான் பதில் சொல்லட்டும் என்று இவர் என்னைப் பார்த்தார். நான் அவள் முதுகிலிருந்து பையை இறக்கி வாங்கிக்கொண்டேன்.

“நாங்களே போயிக் குடுத்துட்டு வந்துட்டோம்மா” என்றார்.

அவள் சிரித்தாள். அவள் அப்பா சின்ன வயதிலிருந்தே அவளிடம் முகத்தை அப்படிச் சிரிக்காமல் வைத்துக்கொண்டுதான் எதையாவது கதை விடுவார். சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினாள், வழக்கம்போல் நான் அவரை அதட்டுவேன் என்று. நான் அதட்டவில்லை.